தண்ணீர் போகும் வழி



கடந்த இதழில் பிறப்புப் பதிவு பற்றி எழுதியிருந்தேன். அதன் பின்னர் கிடைத்த கடிதங்களுள் ஒன்று பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்தது. கொப்பித் தாளில் நான்கு வரிகள்தான். “எங்கள் லயத்துக்குப் பின்னால் கான் அடைத்துக் கிடக்கிறது. தினமும் அதனால் சண்டை. துரையிடம் சொன்னால் பார்ப்போம் என்கிறார். இதைப் பற்றியெல்லாம் நீங்கள் எழுத மாட்டீர்களா?” என்று அந்தச் சகோதரி கேட்டிருந்தார்.

எழுத வேண்டிய விடயம்தான். தண்ணீர் வீட்டுக்கு வரும் வழியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பீலியில் தண்ணீர் இல்லை, குழாய் உடைந்துவிட்டது என்று மனுக்கொடுக்கிறோம். ஆனால் சோறு வடித்த கஞ்சியும், பாத்திரம் கழுவிய தண்ணீரும், குளித்த தண்ணீரும், கூரையில் விழுந்த மழையும் வீட்டைவிட்டு எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. அது எங்கேயோ போகும் என்று விட்டுவிடுகிறோம். மலையில் “எங்கேயோ” என்று ஓர் இடம் கிடையாது. நமது வீட்டுக்குக் கீழே இன்னொருவரின் வீடு இருக்கிறது. நமக்கு மேலேயும் ஒரு வீடு இருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஓர் அக்கா. அவருடைய அனுமதியுடன், பெயரையும் தோட்டத்தையும் தவிர்த்து, அவரது கதையை இங்கே சொல்கிறேன்.

பன்னிரண்டு வீடு, பதின்மூன்று அடுப்பு

அந்த அக்கா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு பெற்றோர் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் கொட்டில் போட்டு, அங்கேயே வளர்ந்து, அங்கேயே திருமணம் முடித்தார். 2009இல் கணவரை இழந்தார். இரண்டு பெண் பிள்ளைகளுடன் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2011இல் தாய்மாமனைத் தேடி மறுபடியும் பிறந்த தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார். அவருடைய பேச்சில் மலையகமும் வன்னியும் கலந்தே இருக்கும்.

மாமாவின் வீடு ஒரே ஒரு காம்பராவும் இஸ்தோப்பும்தான். அதில் ஏற்கெனவே ஆறு பேர். ஆகவே மாமா பின்பக்கத்தில் தகரம் அடித்துச் சாய்ப்பு இறக்கி, “புள்ள, இதுல இருந்துக்க” என்றார். அதுவே அக்காவின் குசினி, படுக்கை, பிள்ளைகள் படிக்கும் இடம். அதன் ஓரத்தில் பழைய சேலையைச் சுற்றிக் கட்டிக் குளிப்பதற்கும் ஒரு மறைப்பு. வயது வந்த பிள்ளைகளைப் பீலிக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

லயத்தின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். மலையை வெட்டிச் சமப்படுத்தித்தான் லயம் கட்டியிருப்பார்கள். பின்சுவருக்கும் வெட்டப்பட்ட மண் திட்டுக்கும் இடையில் ஓர் ஒடுக்கமான நடை. அந்த நடையின் ஓரமாகக் கான். மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீரையும், கூரைத்தண்ணீரையும், குசினித் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்த்து லயத்தின் கோடிக்குக் கொண்டுபோய் ஓடையில் விடுவதற்காகவே வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் கானை வைத்தார்கள்.

மாமா போட்ட சாய்ப்பு அந்தக் கானின் மீதுதான் நின்றது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த லயத்தில் ஏழு வீட்டார் பின்பக்கம் குசினி நீட்டியிருந்தார்கள். வீடு பெருகவில்லை, குடும்பம் பெருகியது. எல்லோரும் கானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டார்கள்.

நான் முதல் தடவை 2024இல் அங்கே போனபோது அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது: “மிஸ், மேல் வீட்டுத் தண்ணி எல்லாம் என்ர அடுப்புக்குள்ள வருது. அவங்க சொல்றாங்க, என் குசினியாலதான் அவங்க சுவர் ஊறுதுன்னு. யாரு சொல்றது சரி?”

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் பழி மட்டும் ஒருவர் மீதே விழுந்தது. மற்ற ஆறு வீட்டாருக்கும் தோட்டத்தில் பெயர் இருந்தது. அக்காவுக்கு இல்லை. “பேர் இல்லாத ஆளு வந்து கானை அடைச்சிருச்சு” என்று பேசினார்கள். தோட்ட ஆபீசுக்கு முறைப்பாடு போனால் முதலில் கழற்றப்படுவது தனது தகரம்தான் என்று அவர் பயந்தார். அதனால் தண்ணீர் அடுப்பை அணைத்த நாட்களிலும் வாய் திறக்காமல் இருந்தார்.

வன்னியில் சரி, மலையில் பிழை

ஒருநாள் அவர் தன்பாட்டில் ஒரு தீர்வு கண்டார். குளிக்கும் மறைப்புக்குப் பின்னால், மண் திட்டின் மேற்பக்கமாக ஒரு குழி வெட்டிக் கல் நிரப்பி, பக்கத்தில் இரண்டு வாழைக் கன்றும் நட்டு, தண்ணீரை அதற்குள் விட்டார். கிளிநொச்சியில் அவர்களது வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகும், மண் குடித்துவிடும், வாசல் காய்ந்திருக்கும்.

சமதரையில், குடிநீர்க் கிணற்றிலிருந்து போதிய தூரத்தில், அது நல்ல முறையே. வன்னி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பில் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மலைச்சரிவில், அதுவும் வெட்டப்பட்ட மண் திட்டுக்கு மேலே, அதே குழி ஆபத்து. அங்கே மண் குடிக்கும் தண்ணீர் கீழ்நோக்கிப் போவதோடு நிற்காமல், சரிவின் உள்ளேயும் ஊறி, திட்டின் முகத்திலோ சுவரின் அடியிலோ கசியும். ஈரமான மண்ணுக்குப் பாரம் கூடுகிறது. மண் துணிக்கைகளுக்கு இடையில் தண்ணீர் நிறையும்போது அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. பாரம் கூடி, பிடி தளர்ந்தால் மண் என்ன செய்யும்? இறங்கும்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் அதிர்ச்சியடையவில்லை. “மெனிக் பாமில பார்த்தது போதும் மிஸ்” என்றார். 2009 ஆகஸ்ட்டில் பெய்த மழையில் அந்த முகாமின் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்ததும், மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்ததும் அங்கே இருந்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். “தண்ணி குடுக்கிறதுக்கு பவுசர் வந்துச்சு. தண்ணி போறதுக்கு ஒண்ணும் வரல்ல” என்றார் அவர். அனர்த்தகால உதவிகளுக்கான ஸ்பியர் நியமங்கள் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் என்று சொல்கின்றன. அவை கழிவுநீர் வடிந்தோடுவதைப் பற்றியும் பேசுகின்றன என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

மாதர் சங்கக் கூட்டத்தில் நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு வீட்டில் ஐந்து பேர், ஒருவருக்கு 40 லீற்றர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 200 லீற்றர். அந்த லயத்தில் வீடு பன்னிரண்டு, அக்காவின் அடுப்பையும் சேர்த்தால் பதின்மூன்று. ஆக ஒரு நாளைக்கு 2,600 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. ஒரு மாதத்தில் 78,000 கிலோ, அதாவது 78 தொன். மழையே பெய்யாத ஆடி, ஆவணியிலும் இவ்வளவு தண்ணீர் அந்த ஒடுக்கமான நடையில் விழுகிறது.

மழை பெய்தால் கணக்கு வேறு. அந்த லயத்தின் கூரை ஏறத்தாழ 250 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் கூரையிலிருந்து மட்டும் 25,000 லீற்றர் இறங்கும். மேட்டிலிருந்து வருவதை இதில் சேர்க்கவில்லை.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும் மலையை இறக்குவதில்லை. பெருமழையும், மலையின் அமைப்பும், மேலே காணி பராமரிக்கப்படும் விதமும்தான் பெரிய காரணங்கள். ஆனால் குசினித் தண்ணீர் இரண்டு கெடுதிகளைச் செய்கிறது. மழைக்கு முன்னரே மண்ணை ஊறவைத்துவிடுகிறது. சோற்றுப் பருக்கை, சாம்பல், கொழுப்பு, பொலித்தீன் ஆகியவற்றால் கானை அடைத்து, மழை வரும்போது போக வழியில்லாமல் செய்துவிடுகிறது. அடைபட்ட கானும் ஊறிய மண்ணும் பெருமழைக்காகக் காத்திருக்கின்றன.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையை ஊவாவில் யாரும் மறந்திருக்க முடியாது. ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 37 பேர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. காலையில் பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்கள் புதிய வீட்டுக்குப் போக 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே மலை சரிந்ததற்குக் குசினிக் கான்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எச்சரிக்கை கடதாசியில் இருந்தால் போதாது, லயத்தில் இருக்கும் பெண்ணின் கையில் இருக்க வேண்டும் என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம்.

லண்டனில் ஒரு சின்னக் குழாய்

இந்த வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் மச்சாள் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தார். யுத்தத்தால் சிதறிய குடும்பம்தானே, ஒருவர் மலையில், ஒருவர் கடலுக்கு அப்பால். அவரது வீட்டில் குளிருக்குச் சூடேற்றும் எரிவாயு பொயிலர் ஜனவரிக் குளிரில் திடீரென்று நின்றுவிட்டதாம். காரணம், சுவருக்கு வெளியே போகும் ஒரு சின்ன பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொண்டது.

நமக்கு அந்த இயந்திரம் பழக்கமில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. புதிய வகைப் பொயிலர்கள் அந்த ஆவியைக் குளிரவைத்து அதிலுள்ள சூட்டையும் பிடித்துக்கொள்கின்றன. சோற்றுப் பானையின் மூடியில் ஆவி துளியாகப் படிவது போல, அங்கேயும் தண்ணீர் படிகிறது. மணிக்கு இரண்டு லீற்றர் வரை சேரலாம். அதில் இலேசான புளிப்பு, அதாவது அமிலத் தன்மை இருப்பதால் உலோகக் குழாயையும் சீமெந்தையும் நாளடைவில் அரித்துவிடும். எனவே அதைப் பிளாஸ்ரிக் குழாயில், சரிவு கொடுத்து, வீட்டின் கழிவுநீர்க் குழாயில் சேர்க்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. குழாய் வெளியே போனால் அது அகலமாக இருக்க வேண்டும், குளிர் தாக்காமல் உறை சுற்ற வேண்டும். உறைந்துவிட்டால் கொதிநீர் ஊற்றக்கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குழாய் அடைத்தால் பொயிலர் தானாகவே நின்றுவிடும்.

அக்கா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ரெண்டு லீற்றர் தண்ணிக்கு அவ்வளவு சட்டமா?” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதை யாரு திருத்திக் குடுத்தாங்களாம்?” என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி. மச்சாள் இருப்பது வாடகை வீடு. அந்நாட்டின் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டைச் சூடேற்றும் சாதனங்களையும், தண்ணீர்க் குழாய்களையும், வடிகான்களையும் பழுதுபார்ப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அவர் தொலைபேசியில் சொன்னார், ஆள் வந்து திருத்திவிட்டுப் போனார். குடியிருப்பவர் உள்ளூர்க்காரரா, அகதியாக வந்தவரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

இது யாருடைய வேலை?

நமது லயங்களும் நம்முடையவை அல்ல. தோட்டக் காணி அரசுக்குரியது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அதற்கு வெகு முன்னரே, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயங்களையும் அவற்றின் சுற்றாடலையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்ட அதிகாரியின் கடமை என்று வகுத்தது. முன்பு கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள் என்று வயதானவர்கள் சொல்வார்கள். இப்போது எத்தனை தோட்டங்களில் அந்த வேலைக்குப் பெயர் போடுகிறார்கள் என்று உங்கள் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பிரதேச சபைகளைப் பொறுத்தவரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யச் சட்டம் இடம்தராத நிலை நீண்ட காலம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தத் தடை நீங்கியது. ஆகவே “தோட்டம் எங்களுக்குப் பொறுப்பில்லை” என்ற பதில் இனிச் செல்லாது. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கானையும் கேட்கலாம்.

நாங்கள் செய்த முதல் வேலை ஒரு வரைபடம். பிறிஸ்டல் அட்டையில் லயத்தைக் கீறி, ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமிட்டு, தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று பெண்களே குறித்தார்கள். பன்னிரண்டு வரை எழுதிவிட்டு ஒரு தங்கச்சி பேனையை மூடினார். அப்போது, அக்காவோடு அதிகம் சண்டை பிடித்த பெரியம்மா ஒருவர், “பதிமூணு எங்க? அந்தப் புள்ள வீட்டுத் தண்ணி தண்ணி இல்லையா?” என்று கேட்டார். பதின்மூன்றும் எழுதப்பட்டது. அந்த அட்டையைப் பார்த்து ஒரு கடிதம் எழுதி, பதின்மூன்று பெண்களும் கையொப்பமிட்டு, தோட்ட அதிகாரிக்கும், பிரதேச சபைக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி அனுப்பினோம்.

மூன்று மாதம் பதில் இல்லை. மறுபடியும் எழுதினோம். பிறகு தோட்டத்திலிருந்து கொஞ்சம் சீமெந்தும் மணலும் கிடைத்தன. 2025 ஆகஸ்ட்டில், வெயில் காலத்தில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்தோம். அக்காவின் சாய்ப்பைக் கழற்றவில்லை. அதன் ஒரு பக்கத் தகரத்தை இரண்டு அடி உள்ளே தள்ளி, கானுக்கு இடம் விட்டு, மேலே எடுத்து மூடக்கூடிய கொங்கிறீற் பலகை போட்டார்கள். மற்ற ஆறு குசினிகளும் அப்படியே கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்கின. மேட்டில் இருந்த அவரது குழியை மூடி, மண் இறுக்கி, வாழைக் கன்றுகளை லயத்துக்கு முன்பக்கம் மாற்றினோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்துக் கானின் மேல் முனையில் ஊற்றுங்கள். அது எங்கே நிற்கிறது, எங்கே மண்ணுக்குள் மறைகிறது என்று பார்த்தால் பழுது இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

கானுக்கு எட்டு அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். மேசன்மார் வைத்திருக்கும் கண்ணாடிபோன்ற ரியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்து இதை அளக்கலாம்.

குசினித் தண்ணீர் கானில் விழும் இடத்தில் துளையிட்ட ரின் அல்லது பழைய வடியை வைத்து, பருக்கையையும் தேயிலைத் தூளையும் பிடித்து எடுங்கள். சாம்பலையும் எண்ணெயையும் கானில் கொட்ட வேண்டாம்.

சீமெந்து பூசிய கானோ அரைக்குழாயோதான் லயத்தின் பின்பக்கத்துக்கு ஏற்றது. வெறும் மண் கான் தண்ணீரைக் கொண்டுபோவதைவிடக் குடித்துவிடவே பார்க்கும். சீமெந்தில் வெடிப்பு வந்தால் உடனே பூசுங்கள்.

தண்ணீரைச் சரிவின் நடுவில் விட்டுவிடாதீர்கள். ஓடை அல்லது பெரிய கான் வரை கொண்டுபோக வேண்டும். அந்த ஓடைக்குக் கீழே யாராவது குடிநீர் எடுக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டிய பின்னரே வழியைத் தீர்மானியுங்கள். மலசலகூடக் குழியின் தண்ணீரை எக்காரணம் கொண்டும் இந்தக் கானில் சேர்க்கக் கூடாது.

அடைபட்ட கானில் நுளம்பு பெருகும், எலி வரும். எலிக் காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் படுவதால் வருகிறது. கால் கையில் காயம் இருந்தால் வெறுங்காலுடன் கானில் இறங்க வேண்டாம். துப்புரவு செய்த சில நாட்களில் காய்ச்சலும் தசை நோவும் வந்தால், கானில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு தடவை, பிறகு மழை முடியும்வரை வாரம் ஒரு தடவை கானைத் தோண்டி எடுங்கள். இதைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிட வேண்டாம். முறை போட்டு வீட்டுக்கொருவர் வர வேண்டும். ஆணாக இருந்தாலும் பரவாயில்லை!

இன்னொன்று. கான் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மலை பேசும்போது கேட்க வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்தல், கதவு திடீரென்று இறுகுதல், புதிதாக ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்று நின்றுபோதல், தண்ணீர் கலங்கி வருதல் ஆகியவை அறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100 மில்லிமீற்றரில் வெளியேறத் தயாராகவும், 150 மில்லிமீற்றரில், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், வெளியேறவும் சொல்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

அந்தக் கார்த்திகை

சிரமதானம் முடிந்து மூன்று மாதத்தில் டித்வா புயல் வந்தது. 2025 நவம்பர் கடைசியில் மலைநாடு முழுவதும் மண் சரிந்தது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

அந்த லயத்துக் கான் முதல் நாள் முழுவதும் தண்ணீரைக் கொண்டுபோனது என்று பெரியம்மா சொன்னார். இரவில் தண்ணீர் சிவப்பாகக் கலங்கி வந்ததைக் கண்டு, கான் முறைக்காக விழித்திருந்த பெண்கள்தான் கதவு கதவாகத் தட்டினார்கள். எல்லோரும் பாடசாலைக்குப் போனார்கள். விடியும் முன்னர் மேட்டுத் திட்டு இறங்கியது. நான்கு குசினிகள் போயின. அக்காவின் சாய்ப்பும் போனது. உயிர் ஒன்றும் போகவில்லை.

எங்கள் கான் மலையைப் பிடித்து நிறுத்தவில்லை. அதற்கு அந்தச் சக்தி கிடையாது. ஆனால் கானைக் கவனிக்கப் பழகிய கண்கள் அந்த இரவில் தண்ணீரின் நிறத்தைக் கண்டுகொண்டன.

பாதிக்கப்பட்டோர் விபரம் எடுக்க வந்தபோது வழக்கமான கேள்வி எழுந்தது. “இந்த லயத்தில் பன்னிரண்டு வீடுதானே பதிவில் இருக்கிறது?” பெரியம்மா அந்தக் கடிதத்தின் பிரதியை எடுத்துக் கொடுத்தார். பதின்மூன்றாவது இலக்கத்துக்கு நேரே அக்காவின் பெயர், கையொப்பம், திகதி. கிராம உத்தியோகத்தரிடம் போயிருந்த பிரதியும் கோவையில் இருந்தது. அக்காவின் பெயர் பட்டியலில் ஏறியது. பிறந்த தோட்டத்தில் ஓர் அரசாங்கக் கடதாசியில் அவரது பெயர் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவருக்கு இன்னும் நிரந்தர வீடு கிடைக்கவில்லை. பாதுகாப்பான காணியும் கையில் உறுதியும் கிடைக்கும்வரை எழுதிக்கொண்டே இருக்கப் போகிறோம். “புது வீடு கிடைச்சா முதல்ல என்ன பார்ப்பீங்க அக்கா?” என்று அண்மையில் கேட்டேன். “தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்பேன்” என்றார்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: இந்தப் பக்கத்தை உங்கள் மாதர் சங்கத்தில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஓர் அட்டை எடுத்து லயத்தைக் கீறுங்கள். யாருடைய அடுப்பையும் விட்டுவிடாமல் எண்ணுங்கள். கடிதத்தின் ஒரு பிரதியை நனையாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.